பழைய படம், நகைச்சுவைத் தொடர், கச்சேரி: விசிடியா, டிவிடியா, யூடியூபா?

காட்பாடியில் வீடு மாறியபோது பரணிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகள் இறங்கின. ஒன்றில் வீடியோ கேசட்டுகள், ஒன்றில் விசிடிகள், ஒன்றில் டிவிடிகள். "ஏம்ப்பா, எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே, எடைக்குப் போட்டுடலாம்" என்றாள் மகள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, ஒரே காட்சியை எல்லா வடிவத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

கேசட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் அது. அந்த நினைவு இனிக்கும், படம் இனிக்காது. ஒரு சாதாரண கேசட்டில் 180 நிமிடம்தான் அடங்கும், அதனால் நீளமான படங்களில் முதலில் வெட்டுப்படுவது பாட்டு. என் பெட்டியில் பாதிக் கேசட்டுகளின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. அன்றைக்கு டிவியிலிருந்து நாமே பதிவு செய்து வைத்தது, வேறெங்கும் கிடைக்காதது என்றால் மட்டும் உடனே டிஜிட்டலுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கொடுத்துவிடலாம்.

நிஜமான போட்டி மற்ற மூன்றுக்கும்தான். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொண்டேன். அந்தக் காட்சியில் பாதிச் சிரிப்பு பாலையாவின் முகத்தில்தான் இருக்கிறது. கண் விரிவதும், தாடை தொங்குவதும், எச்சில் விழுங்குவதும் தெரிய வேண்டும். விசிடியில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள்தான். இருட்டு வந்தாலே அவர் கன்னம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிவிடியில் 720-க்கு 576, அதாவது நாலு மடங்குப் புள்ளிகள். எச்சில் விழுங்குவது வரை தெரிகிறது. யூடியூபில் நான் முதலில் திறந்த பிரதி இதைவிடப் பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் அகல டிவிக்காக இழுத்துவிட்டிருந்தார்கள். பழைய படத்தின் சட்டம் (ஃபிரேம்) சதுரத்துக்குக் கிட்ட இருக்கும். அதை இன்றைய டிவி முழுக்க இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். பாலையாவுக்கு அது பெரிய அநியாயம். டிவியின் செட்டிங்கில் 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும். மாற்றாமல் பார்ப்பவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு வருத்தம்.

டிவிடி என்றால் எல்லாம் ஒன்றல்ல. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோது நாங்கள் பையில் அள்ளிக்கொண்டு வந்தோம். அந்த விலைக்கு ஒரு படம் மட்டும் இருந்த தட்டுகள் நல்லவை. மூன்று படத்தை ஒரே தட்டில் அமுக்கியவற்றைத் தொடாதீர்கள். ஒற்றை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி. மூன்று மணி நேரப் படம் ஒன்றுக்கு இரட்டை அடுக்கு தாராளம். அதே இடத்தில் ஒன்பது மணி நேரத்தைத் திணித்தால் தரம் விசிடியை நோக்கித்தான் போகும். பழைய கடையில் வாங்கும்போது தட்டைத் திருப்பிப் பாருங்கள். இரட்டை அடுக்குக்கு அடிப்பக்கம் லேசான பொன்னிறம் இருக்கும். ஊதாவாகவோ பச்சையாகவோ மினுங்கினால் யாரோ ரைட் பண்ணிய காப்பி, வேண்டாம்.

டிவிடியிலும் ஒரு குறை உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியப்பா. நாகஸ்வரம் வாசிப்பவர். 'தில்லானா மோகனாம்பா'ளில் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த 'நகுமோ' கீர்த்தனையைப் போட்டுவிட்டு, கூடவே வாசிக்க அவரை உட்கார வைத்தேன். சுருதிப் பெட்டியை ஆன் செய்தார், சீவாளியை நனைத்தார், ரெண்டு பிடி பிடித்ததும் நிறுத்திவிட்டார்.

"என்னடா, அரைக் கட்டை ஏறிக் கிடக்குதே?"

எனக்குக் காது அவ்வளவு கூர்மை இல்லை. தேடிப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. சினிமா ஓடுவது நொடிக்கு 24 சட்டம், பால் (PAL) எனப்படும் நம் ஊர் டிவி முறையில் 25. பால் முறை டிவிடிகள் பலவற்றில் படத்தை அப்படியே 25-க்கு ஓட்டிவிடுவார்கள். வேகம் நாலு சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும், மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். அந்த டிவிடியிலிருந்து யூடியூபில் ஏற்றியிருந்தால் அங்கேயும் அதே கதைதான். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கி, சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதியை அணைத்துவிட்டேன். பெரியப்பா மறுபடி வாசித்தார். இந்த முறை தலையாட்டிக்கொண்டே.

நகைச்சுவைத் தொடர்களில் தீர்ப்பு தலைகீழ். அவை வீடியோவிலேயே எடுக்கப்பட்டவை, அதனால் சுருதி ஏறும் தொல்லை கிடையாது. வசனம்தான் உயிர். கிரேஸி மோகன் எழுத்து மாதிரியான சரவெடிக்குக் காது தெளிவாகக் கேட்டால் போதும், விசிடியின் ஒலி அதற்கு எதேஷ்டம். ஒரு விசிடியின் 74 நிமிடத்தில் மூன்று பகுதிகள் அடங்கிவிடும், நடுவில் தட்டு மாற்ற வேண்டாம். விசிடி தேடக் கிடைக்கவில்லை என்றால் போனில் பார்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யைக் கவிதாலயாவே யூடியூபில் போட்டிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

கச்சேரிக்கு நான் தட்டின் பக்கம்தான். தூர்தர்ஷன் பெட்டகத்திலிருந்து பழைய வித்வான்களின் பதிவுகளைப் பிரசார் பாரதி யூடியூபில் போடுவது பெரிய தொண்டு, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இணையத்தில் கச்சேரி கேட்கும்போது எனக்கு நடந்தது இது: தோடி ஆலாபனை கீழே இறங்கி இறங்கி, தம்புரா மட்டும் கேட்கும் அந்த மௌனத்தில், சட்டென்று ஒரு சோப்பு விளம்பரம். திரும்பி வரும்போது அந்த ராகம் மனசை விட்டுப் போய்விட்டது. டிவிடியில் சுருக்கப்படாத ஒலியையே வைக்க முடியும். அதற்குப் பெயர் பிசிஎம். அட்டையில் பிசிஎம் ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், விழும் அடி, நல்ல ஸ்பீக்கரில் நெஞ்சில் விழும்.

ப்ளூ-ரே? திரைப்படம் சுருளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்து வந்திருந்தால் அதற்கு நிகர் இல்லை. ஆனால் பழைய தமிழ்ப் படங்களில் அப்படி வந்தவை குறைவு. பழைய வீடியோப் பிரதியையே பெரிதாக்கி அடைத்திருந்தால் காசுக்குக் கேடு. 2012-ல் 'கர்ணன்' மாதிரி டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டருக்கே வந்த படங்களுக்கு மட்டும் டிவிடியை மறந்துவிட்டு, புதுப்பித்த பிரதி எங்கே கிடைக்கிறதோ அங்கே பாருங்கள், அது இணையமாக இருந்தாலும்.

கடைசியில் விசிடி சினிமாக்கள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயின. டிவிடியில் எழுபது, நகைச்சுவை விசிடியில் ஒரு இருபது தங்கின. வேலூர் வெயிலுக்குப் பரண் ஆகாது என்று மகளே தன் அறை அலமாரியின் கீழ்த்தட்டை ஒழித்துக் கொடுத்தாள், சுவரோரம், வெயில் படாத பக்கம். தட்டுகளைப் படுக்கப் போடாமல் புத்தகம் மாதிரி நிற்க வைத்திருக்கிறேன்.