ஓவிய வகுப்பில் கோலம் போட டக்ஸ் பெயின்ட்டா, இங்க்ஸ்கேப்பா, கேன்வாவா?

ஓவியப் பாடத்துக்குக் கணினி அறை வாரம் ஒரு பாடவேளை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதைத் திறப்பது? டக்ஸ் பெயின்ட், இங்க்ஸ்கேப், கேன்வா என்ற மூன்று படம் செய்யும் செயலிகளையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒப்பிட வசதியாக ஒரே வேலை: கோலம்.

ஐந்தாம் வகுப்பு வரை டக்ஸ் பெயின்ட் போதும். 2002இல் வந்தது, இலவசம், இணையம் வேண்டாம், தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். அதன் மாயக் கருவிகளில் கலைடாஸ்கோப் ஒன்று. பிள்ளை ஒரு வளைவு இழுத்தால் மற்ற பக்கங்களிலும் அதே வளைவு விழும். சமச்சீர் என்ற சொல்லை நான் சொல்வதற்குள் அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்பதில்லை. “சார், என்ன பேரு போடணும்?” என்ற கேள்வியில் போகும் நேரம் அத்தனையும் மிச்சம். ஒரே குறை, போட்ட கோட்டைப் பிறகு நகர்த்த முடியாது.

அந்தக் குறை பெரிதாகத் தெரியும் வயதில், அதாவது ஏழு எட்டாம் வகுப்பில், இங்க்ஸ்கேப்புக்கு வந்துவிடலாம். இதுவும் இலவசம். ஆனால் முதல் இரண்டு வகுப்பு கருவியைப் பழகவே போய்விடும், பொறுமை வேண்டும். அப்புறம் கிடைப்பது வேறு எதிலும் இல்லை. ஓர் இதழை வரைந்து, தேர்ந்தெடுத்து, இன்னொரு முறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகள் வரும். நடுவில் தெரியும் சிறு கூட்டல் குறியை இதழின் அடிக்கு இழுத்து வையுங்கள். கன்ட்ரோல் விசையையும் D விசையையும் சேர்த்து அழுத்தினால் நகல். கன்ட்ரோலைப் பிடித்தபடி சுழற்றினால் 15 பாகையாகத் திரும்பும். மூன்று படி திருப்பினால் 45 பாகை. எட்டு இதழில் பூ மூடிக்கொள்ளும். எட்டு 45 சேர்ந்தால் 360 என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் இடம் அது.

நேர்ப்புள்ளிக்கு # விசை போதும், கட்டம் விரிந்துவிடும். ஊடுபுள்ளிக்கு ஆவணப் பண்புகளில் ஆக்ஸனோமெட்ரிக் கட்டத்தை, அதாவது சாய்கோடுகளால் ஆன கட்டத்தை, சேர்க்க வேண்டும். அதில் வரிசைகள் செங்குத்தாக நிற்கும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் நம் ஊடுபுள்ளியேதான். சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு பிசகினால் அழிக்க வேண்டாம், கோட்டின் மேல் சிறு புள்ளியாகத் தெரியும் அதன் கணுவைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம்.

கேன்வாவை நான் கடைசியில்தான் வைப்பேன். ஆசிரியர் என்று சான்று காட்டினால் பள்ளிக்கு இலவசம், தமிழ் எழுத்துருக்களும் உண்டு, ஒரே பாடவேளையில் சுவரொட்டி முடிந்துவிடும். சரி, ஆனால் அது தரும் வார்ப்புருவில், அதாவது ஆயத்த மாதிரியில், எது எங்கே இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார். பிள்ளை எழுத்தையும் நிறத்தையும் மாற்றுகிறது, அவ்வளவுதான். இடம் விடுவதும், படத்தின் எந்தப் பக்கம் கனக்கிறது என்று எடை பார்ப்பதும்தானே ஓவிய வகுப்பில் கற்க வேண்டியது? இணையம் நின்றால் வகுப்பும் நின்றுவிடும்.

ஆண்டு விழாச் சுவரொட்டி அவசரமாக வேண்டும் என்றால், இங்க்ஸ்கேப்பில் போட்ட கோலத்தை எஸ்விஜி (SVG, பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) கோப்பாகச் சேமித்துக் கேன்வாவின் வெற்றுப் பக்கத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுத்தை மட்டும் அங்கே சேர்த்தால் போதும்.