தேனா, மகரந்தமா, ராயல் ஜெல்லியா, விஷமா: அலர்ஜிக்கு எது உதவும்?

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் ஓயாத நீர். இப்படி அவதிப்படுகிறவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "தினமும் ஒரு ஸ்பூன் நம்ம ஊர்த் தேன் சாப்பிடுங்க, சரியாயிடும்."

தேனில் கொஞ்சம் மகரந்தம் இருக்கிறது, அது உடம்பைப் பழக்கிவிடும் என்பது இதன் கணக்கு. கணக்கு இடிப்பது இங்கேதான். தும்மல் வரவழைக்கும் மகரந்தம் பெரும்பாலும் புல், களை போன்றவற்றிலிருந்து காற்றில் பறந்து வருவது. தேனீ காலில் ஒட்டிக்கொண்டு வருவது கனமான, பிசுபிசுப்பான பூந்தூள். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தேனையே பாருங்கள். மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் பளபளவென்று துளிர்க்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. அங்கே பூவுக்கே வேலையில்லை. உங்கள் தும்மலுக்குக் காரணம் மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சி என்றால், எந்தத் தேனிலும் அதற்குப் பழக்கம் கிடைக்காது.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36 பேரில் சிலருக்கு உள்ளூர்ப் பச்சைத் தேன், சிலருக்குப் பதப்படுத்திய தேன், மற்றவர்களுக்குத் தேன் மணமூட்டிய சோளப்பாகு. மூன்று குழுவுக்கும் வித்தியாசமில்லை. 2013இல் மலேசியாவில் 40 பேரிடம் பலன் தெரிந்தது. ஆனால் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ ஆளுக்குத் தினமும் 60 கிராம்! சர்க்கரை நோயாளி நினைத்தே பார்க்க முடியாது. சளி இருமலுக்கு என்றால் தேன் நல்ல துணை, அதை மனதாரச் சொல்வேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம்.

தேனீ திரட்டி வரும் பூந்தூளை அப்படியே விற்கும் மகரந்த உருண்டைகள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அலர்ஜி உள்ளவர் தொட வேண்டாம். முதல் ஸ்பூனிலேயே தொண்டை வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ராணித் தேனீக்கு ஊட்டப்படும் பால் போன்ற சுரப்பான ராயல் ஜெல்லி அதைவிட மோசம். ஆஸ்துமாக்காரர்கள் இறந்தே போயிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த ஆபத்தைச் சொல்லும் எச்சரிக்கை இல்லாமல் அதை விற்க முடியாது. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று எழுதி அலர்ஜிக்காரருக்கு விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. அலர்ஜியே தேவையில்லாததற்கெல்லாம் சண்டைக்குப் போகும் எதிர்ப்புச் சக்திதானே? தேன்பிசின் என்கிற புரோபோலிஸ் சிலருக்குத் தோலிலும் உதட்டிலும் தடிப்பைத் தரும்.

தேன்கூட்டுப் பொருள்களில் அலர்ஜியை உண்மையிலேயே மாற்றுவதாக நிரூபணமானது, எல்லோரும் பயப்படும் தேனீ விஷம் ஒன்றுதான். அதுவும் தேனீ கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகிறவர்களுக்கு மட்டும், தும்மலுக்கு அல்ல. சுத்திகரித்த விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு கொட்டுக்குச் சமமான 100 மைக்ரோகிராம் வரை உயர்த்தி, 3 முதல் 5 ஆண்டுகள் ஊசியாகப் போடுகிறார்கள். உடம்பு மெல்ல மெல்லத் தடுப்பு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது.

இதையே உயிருள்ள தேனீயை வைத்துக் கொட்டவிடும் 'சிகிச்சை'யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர் இரண்டு ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அப்படிக் கொட்டு வாங்கினார். ஒருநாள் ஒரே கொட்டில் மயங்கி விழுந்தவர் பிழைக்கவில்லை. 2018இல் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் விஷ ஊசி போட்டபின் குறைந்தது அரைமணி நேரம், கடும் அலர்ஜிக்கு உயிர்காக்கும் மருந்தான அட்ரீனலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, உட்கார வைப்பது இதற்காகத்தான்.