பழைய டிஎஸ் லைட்டுக்கு இணையம்: மடிக்கணினியா, போனா, உபரி ரவுட்டரா?

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் அலமாரியைக் குடைந்து நின்டென்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான என் டிஎஸ் லைட்டை வெளியே எடுத்துவிட்டாள். கூடவே அதில் ஆடும் போக்கிமான் டைமண்ட் விளையாட்டு. பத்தே நாளில் ஹான்டர் என்ற நல்ல பலமுள்ள போக்கிமான் ஒன்றை வளர்த்துவிட்டாள். ஹான்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை லெவல் ஏறினாலும் தானாகக் கெங்கர் என்ற அடுத்த வடிவமாக மாறாது. வேறொருவரிடம் கைமாறினால்தான் மாறும். வீட்டில் இன்னொரு டிஎஸ் இல்லை. “நெட்டில் மாற்ற முடியாதா, சித்தப்பா?” என்று கேட்டாள்.

முடியும். நின்டென்டோ இணையத்தில் ஆடுவதற்கான தன்னுடைய வைஃபை கனெக்‌ஷன் சேவையை 2014 மே 20 அன்று மூடிவிட்டது. ஆனால் ரசிகர்கள் தாங்களே சர்வர் எழுதி நடத்துகிறார்கள். டிஎஸ்ஸில் உள்ள டிஎன்எஸ் எண்ணை (சர்வர் பெயருக்கு முகவரி சொல்லும் கணினியின் எண்) அவர்களுடையதாக மாற்றினால், விளையாட்டு அதையே பழைய சர்வராக நம்பி உள்ளே போய்விடும். சிக்கல் அங்கே இல்லை. வீட்டு வைஃபையோடு டிஎஸ்ஸைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது.

டிஎஸ் 2004-இல் வந்த கருவி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1 அல்லது 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும். பூட்டு என்று அதற்குத் தெரிந்தது டபிள்யூஇபி என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறை ஒன்றுதான். இல்லையென்றால் பூட்டே இல்லாத நெட்வொர்க். இன்று எல்லா வீட்டிலும் இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற புதிய பூட்டு அதற்குப் புரியாது. தேடலில் நம் வீட்டு வைஃபையின் பெயர் வரும், பக்கத்தில் சாம்பல் நிறப் பூட்டு நிற்கும், ஸ்டைலஸால் எத்தனை முறை தொட்டாலும் கதவு திறக்காது. புதிய கருவி வாங்கித் தப்பிக்கவும் வழியில்லை. இதே டைமண்டை பின்னால் வந்த 3டிஎஸ் கருவியில் போட்டு விளையாடினாலும் அது பழைய டிஎஸ் முறையிலேயே இணையும். இடையில் வந்த டிஎஸ்ஐ கருவிக்கென்று கூடுதலாக எழுதப்பட்ட சில விளையாட்டுகள் மட்டும் விதிவிலக்கு.

உங்களிடம் இருப்பது நின்டென்டோ ஸ்விட்ச் அல்லது சோனியின் வீட்டா கருவி என்றால் இந்த அலசல் உங்களுக்குத் தேவையே இல்லை. விண்டோஸ் 10-இல் 2016 முதல் இருக்கும் மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் வேலை முடிந்தது. வீட்டாவுக்கு மட்டும் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டிஎஸ்ஸுக்கு அதே ஹாட்ஸ்பாட் உதவாது. அது கடவுச்சொல் இல்லாமல் திறக்க விடாது, அந்தக் கடவுச்சொல்லும் டபிள்யூபிஏ2 வழியில்தான். விண்டோஸ் 7-இல் கட்டளை எழுதித் திறக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே கதைதான்.

இதற்காகவே 2005-இல் நின்டென்டோ ஒரு யுஎஸ்பி கருவியை விற்றது. கணினியில் செருகினால் அதன் இணையத்தை ஐந்து டிஎஸ் வரை பகிர்ந்துகொள்ளலாம். அருமையான யோசனை. ஆனால் அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பொருள். பழைய சாமான் சந்தையில் கிடைத்தாலும் இன்றைய கணினியில் ஓட்டுவது பெரும்பாடு. வீட்டு ரவுட்டரையே டபிள்யூஇபிக்கு இறக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பூட்டை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று 2007-இலேயே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஒரு விளையாட்டுக்காக வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் அந்தப் பூட்டுக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது.

ஆக, உண்மையான போட்டி மூன்றுக்குள். பழைய ரவுட்டர் ஒன்றை உபரியாக மாட்டுவது, ஆண்ட்ராய்டு போனில் பூட்டில்லாத ஹாட்ஸ்பாட் திறப்பது, லினக்ஸ் இயங்குதளம் உள்ள மடிக்கணினியைத் தற்காலிக வைஃபை நிலையமாக்குவது. மூன்றையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு மடிக்கணினிக்கு.

மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: பூட்டில்லாத ஒரு கதவை நாம் திறந்து வைக்கப் போகிறோம். ஆகவே சிக்னல், வேகம், விலை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே வந்தவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதுதான். என் முடிவு முழுக்க இதை வைத்தே எடுக்கப்பட்டது.

உபரி ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இணைய நிறுவனத்தை மாற்றியபோது தங்கிப்போன பழைய ரவுட்டர் பரணில் கிடந்தது. அதன் வான் (இணையம் உள்ளே வரும்) துளைக்கும் வீட்டு ரவுட்டரின் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளைக்கும் இடையே ஒரு கேபிள், வைஃபையில் பூட்டு நீக்கம், பத்து நிமிடம். டிஎஸ் முதல் முயற்சியிலேயே இணைந்தது. எளிமை என்றால் இதுதான். ஆனால் அன்றிரவு மடிக்கணினியை அந்தத் திறந்த வைஃபையில் சேர்த்துப் பார்த்தேன். வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் தாராளமாகத் திறந்தது. பிரின்டர் தெரிந்தது. குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் சேமிப்புப் பெட்டியின் உள்நுழைவுப் பக்கமும் வந்தது. இரண்டாவது ரவுட்டர் தனக்குப் பின்னால் இருப்பவர்களைத்தான் காக்கும். தனக்கு முன்னால் இருக்கும் வீட்டு நெட்வொர்க்கை அது வெளியுலகம் என்றே நினைத்து, போகிறவர்களை எல்லாம் அனுப்பிவைக்கும். தெருவில் நிற்பவரும் அந்த வழியில் வரலாம். விளையாடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்பீர்கள். பிடுங்க மறந்து இரண்டு நாள் ஓடியதை நான் கண்டேன்.

ரவுட்டரிலேயே விருந்தினர் நெட்வொர்க் இருந்து, அதை 2.4 கிகாஹெர்ட்ஸில் பூட்டில்லாமல் திறக்க முடிந்து, வீட்டு நெட்வொர்க்கிலிருந்து அது பிரிந்தும் இருந்தால் நிலைமை வேறு. அதுவே போதுமானது. எங்கள் வீட்டில் இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் அந்த வசதி இல்லை.

போன் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ஹாட்ஸ்பாட் அமைப்பில் பாதுகாப்பு ‘இல்லை’ என்றும் அலைவரிசை 2.4 என்றும் வைத்தால் போதும். கதவு மொபைல் டேட்டாவுக்குத்தான் திறக்கிறது, வீட்டுக்கு அல்ல. யாரும் இணையாமல் இருந்தால் சிறிது நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். விளையாட்டு இழுக்கும் டேட்டாவும் சொற்பம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை; அதில் கடவுச்சொல் கட்டாயம். நான் இரண்டு ஆண்ட்ராய்டு போன்களில் முயன்றேன். ஒன்றில் உடனே இணைந்தது. இன்னொன்றின் ஹாட்ஸ்பாட் டிஎஸ்ஸின் தேடலில் தலைகாட்டவே இல்லை. டிஎஸ்ஸுக்குத் தெரிந்த அந்தப் பழைய 1, 2 எம்பிபிஎஸ் வேகத்தில் அந்தப் போன் பேசாததுதான் காரணம் என்று ஊகிக்கிறேன். இரண்டே போனை வைத்து எல்லாப் போன்களுக்கும் தீர்ப்பு எழுத மாட்டேன். லினக்ஸ் பக்கம் போகாதவர்கள் முதலில் போனில் முயன்று பாருங்கள். வேலை செய்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

இனி மடிக்கணினி. வீட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் மடிக்கணினிக்கு வருகிறது. அதனால் மடிக்கணினியின் வைஃபை ரேடியோ சும்மா இருக்கிறது. அதை நிலையமாக்க ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல். அதன் அமைப்புக் கோப்பில் பத்து வரிகூட வராது: பெயர், 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 1, பூட்டு கிடையாது, டிஎஸ்ஸின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) மட்டும் அனுமதி. டபிள்யூஇபியாவது போடலாமே என்று தோன்றும். ஹோஸ்ட்ஏபிடி 2.10 முதல் அதை இயல்பாகச் சேர்த்துத் தருவதில்லை, நானும் அதற்காக வருந்தவில்லை. மேக் முகவரிக் கட்டுப்பாடும் உண்மையான பூட்டல்ல. முகவரியைப் பார்த்து இன்னொருவர் தன்னுடையதாகப் போட்டுக்கொள்ள முடியும். தற்செயலாக இணையும் போன்களைத் தள்ளிவைக்க மட்டும் அது உதவும்.

காவல் வேறிடத்தில் இருக்கிறது. மடிக்கணினியில் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் ஒரே விதி: வைஃபை வழியாக வருவது எதுவும் 192.168.1 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளுக்குப் போகக் கூடாது. இணையத்துக்குப் போகலாம், பிரின்டருக்குப் போக முடியாது. உபரி ரவுட்டரில் செய்த அதே சோதனையைப் போனை வைத்துச் செய்தேன், அதற்காக அதன் மேக் முகவரியையும் கொஞ்ச நேரம் அனுமதித்து. ரவுட்டர் பக்கம், சேமிப்புப் பெட்டி, பிரின்டர் மூன்றும் சுழன்று சுழன்று தோற்றன. இந்த ஒரு வரியை எழுத என் பழைய ரவுட்டரில் இடமில்லை, போனில் தேவையில்லை, மடிக்கணினியில் இரண்டு நிமிட வேலை. அதோடு, ஹோஸ்ட்ஏபிடியை ஒரு டெர்மினல் சாளரத்தில் ஓட விடுகிறேன். யார் இணைந்தாலும் அங்கே ஒரு வரி ஓடும். சாளரத்தை மூடினால் நெட்வொர்க்கே இல்லை. மறதிக்கு இடம் குறைவு. மடிக்கணினியை மூடி வைத்தாலும் கதவு சாத்திக்கொள்ளும்.

இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. டிஎஸ்ஸுக்கு முகவரி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலிலேயே ரசிகர் சர்வரின் எண்ணை எழுதிவிட்டால், டிஎஸ்ஸில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் ‘தானியங்கி’ என்றே இருக்கலாம். போன் வழியில் அந்த எண்ணை ஸ்டைலஸால் குத்திக் குத்தி உள்ளிட வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் வைஃபை கார்டுக்கு நிலையமாக இயங்கும் திறன் இருக்க வேண்டும். என்னுடைய இன்டெல் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒத்துழைத்தது. இல்லாதவர்கள் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைத் தேடலாம். லினக்ஸில் அதற்கு நல்ல பெயர் உண்டு, நான் பயன்படுத்தியதில்லை. விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினி வைத்து இதையே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் நான் தொட்டதில்லை. முதல் முறை அமைக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது. டிஎஸ் நிலையத்தைக் கண்டது, இணைந்தது, ஆனால் முகவரி கிடைக்காமல் திரும்பத் திரும்பப் பிழை காட்டியது. ரேடியோவைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். முகவரி கேட்டு வரும் கோரிக்கை மடிக்கணினியின் 67-ஆம் போர்ட் என்ற நுழைவாயிலுக்கு வருகிறது. லினக்ஸோடு வந்த ஃபயர்வால் அதை வாசலிலேயே நிறுத்தியிருந்தது. அதைத் திறந்த அடுத்த நொடி சோதனை வெற்றி என்று டிஎஸ் சொன்னது.

அண்ணன் மகள் ஜுபிலைஃப் நகரத்து உலகப் பரிமாற்ற நிலையத்தில் தன் ஹான்டரை வைத்து, பதிலுக்கும் ஒரு ஹான்டரையே கேட்டாள். இரண்டு பேரும் கொடுத்து வாங்கினால் இரண்டு பேருக்கும் கெங்கர் கிடைக்குமே என்பது அவள் கணக்கு. நான் டெர்மினலை மூடினேன். மறுநாள் காலை காப்பி குடிப்பதற்குள் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாள். சாளரத்தில் ஒரு வரி ஓடியது, டிஎஸ் இணைந்தது. மேல்திரையில் யாரோ முகம் தெரியாதவர் வளர்த்த ஹான்டர் இறங்கி வந்து, வெள்ளையாக மின்னி, கெங்கராக நின்றது. அதை அவள் தன் அணியில் முதலிடத்தில் வைக்கும்போதே நான் நிலையத்தை அணைத்துவிட்டேன்.