விடுதலைப் பத்திரமா, சம்மத மனுவா, தனி வழக்கா: கடைசியில் கையில் எந்தக் காகிதம் இருக்கும்?

இருபது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். விவாகரத்து என்று ஆபீஸ் படி ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்துல முடியும்?" என்பதுதான். எல்லாம் முடிந்தபின் கையில் என்ன காகிதம் இருக்கும், அது எங்கெல்லாம் செல்லும் என்று கேட்பவர்கள் குறைவு. நம் ஊரில் ஜனங்கள் போகிற மூன்று வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கே இது பெரும்பாலும் பொருந்தும். தமிழ்நாட்டில் 7ஏ பிரிவின்படி நடந்த சுயமரியாதைத் திருமணமும் இதில் அடக்கம்.

போன வருஷம் ஓர் அம்மா வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு இருபது ரூபாய்ப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். லேமினேட் செய்திருந்தார். "இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு கிடையாது, ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிட மாட்டோம்" என்று டைப் அடித்து, இருவர் கையெழுத்து, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து, மூலையில் நோட்டரி முத்திரை. தேதியைப் பார்த்தால் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மறுமணம் பதியப் போன இடத்தில், திருமணம் கலைந்தது என்று கோர்ட் கொடுக்கும் டிக்ரியைக் கேட்டிருக்கிறார்கள். "இதுலதான் எல்லாம் எழுதியிருக்கே அண்ணே" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுதலைப் பத்திரம், தீர்வைப் பத்திரம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். சட்டத்தின் முன் அதன் நிலை மாறாது. நோட்டரி போடும் முத்திரைக்கு, இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. திருமணத்தைப் பதிந்த சார்பதிவாளருக்கே அதை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வழக்காற்று முறை விவாகரத்துக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் காலங்காலமாக உண்டு என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அதற்கும் கோர்ட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அதற்குள் பத்திரத்தை நம்பி ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் அந்தத் திருமணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை தண்டனைக்கும் வழி இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற வழி இது, செலவும் சொற்பம். ஆனால் கையில் நிற்கும் காகிதத்தை வைத்து எந்த ஆபீஸிலும் ஒரு வேலையும் நடக்காது.

அடுத்தது சம்மத மனு, அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவது. மனுப் போடும் முன் குறைந்தது ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்திருப்பது என்றால் வேறு வேறு வீட்டில் இருப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரே கூரைக்குள் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் அதுவும் பிரிவுதான் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து "சம்மதம்தான்" என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் அது கேட்டவுடன் கிடைப்பதல்ல. மனுப் போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை, மற்ற கணக்குகள் எல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ மூலமாகவோ, பெற்றோர், உடன்பிறந்தோர் வழியாகவோ வர கோர்ட் அனுமதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. துபாயில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இதைப் பலர் அறியாமல் லீவுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள்.

இந்த வழியில் ஒரு பள்ளமும் உண்டு. இரண்டாம் முறை வந்து வாக்குமூலம் கொடுக்கும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் மனசு மாறி ஒதுங்கிவிடலாம். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வராமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் பிறகு வரும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்ற பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒப்பந்தத்தில் தொகையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பாதி மனுப் போடும் அன்று, மறு பாதி வாக்குமூலம் கொடுக்கும் அன்று நீதிபதி முன்னால் டிடியாகக் கைமாற வேண்டும். நகையைப் பவுன் கணக்கில் எழுதுங்கள். சீர்ச்சாமான்களை "அனைத்தும்" என்று ஒரே சொல்லில் முடிக்காமல் பெயர் பெயராக எழுதுங்கள். பிள்ளையை எந்தக் கிழமை, எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். இந்த நாலு பக்கத்துக்குச் செலவழிக்கும் ஒரு வாரம், பின்னால் நாலு வருஷத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, ஒருவர் மட்டும் போடும் வழக்கு, 13-ஆம் பிரிவு. கொடுமை, இரண்டு வருஷமாகக் கைவிட்டது, தகாத உறவு என்று சட்டம் வரிசைப்படுத்தியிருக்கும் காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். "பத்து வருஷமா பேச்சே கிடையாது, அது போதாதா?" என்று கேட்பார்கள். சேர்த்துவைக்க முடியாதபடி உடைந்துபோன திருமணம் என்பது மட்டுமே காரணமாக, குடும்ப நல நீதிமன்றத்தால் விவாகரத்து கொடுக்க முடியாது. அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே அந்த அதிகாரம் என்பதை 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் கவுன்சிலிங், பதில் மனு, இடைக்கால மனுக்கள், குறுக்கு விசாரணை என்று வருஷக்கணக்கில் இழுக்கும். இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அப்படியிருந்தும் சிலருக்கு இதுதான் சரியான வழி. அடி வாங்குகிற பெண்ணிடம் "சம்மதமா முடிச்சுக்கோம்மா" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எதிர்த்தரப்பு சம்மதத்தையே விலை பேசும்போது, வழக்குதான் அவளுக்குப் பிடிமானம். வழக்கு நடக்கும்போதே 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் செலவுத் தொகையும் கேட்கலாம். 2020-இல் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இருவரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதால், "எனக்கு வருமானமே இல்லை" என்று சும்மா சொல்லித் தப்புவது முன்போல எளிதல்ல. பெண்ணுக்கு இன்னொரு சௌகரியம்: தான் இப்போது குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். கணவன் போடுவதானால் கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், அல்லது மனைவி இருக்கும் ஊர். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, தொலைபேசி எண் 15100.

இதில் ஒரு குறுக்கு வழியும் ஓடுகிறது. எதிராளி இல்லாத பழைய முகவரியைக் கொடுத்து, நோட்டீஸ் திரும்பி வந்ததும் பேப்பரில் விளம்பரம் போட்டு, எதிராளி வராமலே கொடுக்கப்படும் எக்ஸ்பார்ட்டி டிக்ரி வாங்கிவிடுவது. சம்மத மனுவைவிடச் சீக்கிரமாகக்கூட முடியும். ஆனால் எதிராளிக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், முறையாக நோட்டீஸ் வரவில்லை என்று மனுப் போட்டால் அந்த டிக்ரியே ரத்தாகலாம். அதற்குள் மறுமணம் நடந்திருந்தால் சிக்கல் மூன்று குடும்பத்துக்கு. சம்மத டிக்ரியில் இந்தப் பயம் மிகக் குறைவு. இருவர் சம்மதத்தில் குடும்ப நல நீதிமன்றம் கொடுத்த டிக்ரிக்கு மேல்முறையீடே கிடையாது. தனி வழக்கில் வாங்கிய டிக்ரிக்கு உண்டு, அந்தக் காலம் முடியும்வரை மறுமணத்துக்கு அவசரப்படக் கூடாது.

காகிதத்துக்கு வருவோம். தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. ஏன் எப்படி என்று நீதிபதி எழுதுவது தீர்ப்பு, பல பக்கம் வரும். இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது என்று சுருக்கமாகச் சொல்வது டிக்ரி. பாஸ்போர்ட்டுக்கும் மறுமணப் பதிவுக்கும் முக்கியமாகக் கேட்பது டிக்ரியைத்தான். தீர்ப்பை மட்டும் வாங்கிப்போய்த் திரும்பி வந்தவர்கள் ஏராளம். இரண்டின் நகலுக்கும் சேர்த்தே மனுப் போடுங்கள்.

விவாகரத்து டிக்ரியின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 23-ஆம் பிரிவின் நாலாம் உட்பிரிவு சொல்கிறது. கேட்டால்தான் பல இடத்தில் ஞாபகம் வரும், தயங்காமல் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் நகல் மனு. கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, வழக்கு எண்ணும் வருஷமும் எழுதி நகல் பிரிவில் கொடுத்தபின், நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை பக்கத்துக்குக் காப்பி ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்பது அங்கேதான் ஒட்டப்படும். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நகல் கைக்கு வந்ததும் அதில் குத்தியிருக்கும் ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள். மனுக் கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், வாங்கிய நாள் என்று வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்காக ஆன நாட்களைக் கழிப்பது இதை வைத்துத்தான்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வாய்தா தேதியும் வழக்கின் நிலையும் தெரியும். எண் தொலைந்துபோனவர்கள் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்கவும் அது உதவும். ஆனால் அதிலிருந்து பிரிண்ட் எடுத்தது சான்றிட்ட நகல் ஆகாது. குடும்ப வழக்குகள் 22-ஆம் பிரிவின்படி மூடிய அறையில் நடப்பவை, பல வழக்குகளில் உத்தரவு அங்கே திறக்கவும் திறக்காது. மாப்பிள்ளைக்கு முதல் கல்யாணம் முறையாக முடிந்ததா என்று பார்க்க நினைக்கும் பெண் வீட்டாருக்கும் இதையே சொல்கிறேன். வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் நகல் கேட்டால் காரணம் காட்டி நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். அதைவிட மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். வைத்திருப்பவர் காட்டத் தயங்க மாட்டார்.

மஞ்சள் பை அம்மா விஷயத்தில், அந்தப் பழைய கணவரும் இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணமும் செல்லாது என்று வக்கீல் விளக்கியதும் மறு வாரமே வந்து சம்மத மனுவில் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷப் பிரிவுக்கு அந்த லேமினேட் பத்திரமே ஒரு சான்றாக உதவியது. ஆறு மாதக் காத்திருப்பும் தள்ளுபடியானது. டிக்ரியான அன்று மதியம் அந்த அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் மூன்று நகலுக்கு மனு எழுதினேன். "இதை லேமினேட் பண்ணலாமா அண்ணே?" என்று கேட்டார். வேண்டாம்மா, முத்திரையைத் தடவிப் பார்க்கச் சில ஆபீஸில் கேட்பார்கள், கவரில் போட்டு வையுங்கள் என்றேன்.