கொப்பியா, போனா, பதிவேடா? நோயாளியின் சம்மதம் யார் கையில் இருக்க வேண்டும்

அம்மாவின் கிளினிக் கொப்பி ஒரு சொப்பிங் பைக்குள் இருக்கும். கூடவே எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், அடையாள அட்டையின் போட்டோ கொப்பி. கிளிநொச்சிக்குப் போனாலும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் பை கூடப் போகும். காட்ட விரும்பியதை எடுத்து நீட்டுவார். விரும்பாதது பைக்குள்ளேயே கிடக்கும். அவருக்குக் கணினி தெரியாது, ஆனால் தன் மருத்துவத் தகவலை யாருக்குக் கொடுப்பது என்பதை இத்தனை வருடமும் அவரேதான் முடிவு செய்து வருகிறார்.

கொப்பியின் குறை என்னவென்றால், அது தொலையும். 2009இல் போரின்போது வன்னியில் எத்தனை வீட்டுக் கொப்பிகள் பதுங்குகுழியிலும் வழியிலும் போயின! முகாமுக்கு வந்தபின் "என்ன மருந்து குடிச்சனீங்கள்?" என்று கேட்டால், "சின்ன வெள்ளைக் குளிசை" என்பதற்கு மேல் பலரால் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. உடம்பில் செல் பீஸோடு, அதாவது வெடித்த ஷெல்லின் இரும்புத் துண்டோடு, நடமாடுகிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை இழுத்து அசைக்கக்கூடியது; அது கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பார்வையே போகலாம். மயங்கிக் கிடப்பவர் அதை எப்படிச் சொல்வார்? ஆகவே பதிவுகள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரத்தான் வேண்டும். அந்தப் பதிவுகளின் பூட்டுக்குத் திறப்பு யாரிடம் இருப்பது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

இந்தியா திறப்பைப் போனுக்குள் வைத்திருக்கிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஒவ்வொருவரும் 14 இலக்க எண் ஒன்றைப் பெறலாம். பதிவுகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். புதிய டொக்டர் ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் நோயாளிக்குக் கோரிக்கை வரும்: என்ன காரணத்துக்காக, எந்தக் காலத்துப் பதிவு, எந்த வகை, எத்தனை நாளுக்கு. அனுமதிக்கலாம், மறுக்கலாம், கொடுத்த அனுமதியைப் பிறகு மீளப் பெறலாம். எழுத்தில் பார்த்தால் இதைவிட மரியாதையான ஏற்பாடு கிடையாது.

சரி, இதை முல்லைத்தீவில் ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அது மகனிடம். அல்லது கணவரிடம். இரகசிய எண் அந்தப் போனுக்குத்தான் வரும். மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் மருமகள், குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போடும் பெண், மருத்துவிச்சியிடம் மட்டும் சொன்ன ஒரு கருக்கலைவு: இவையெல்லாம் திரையில் யார் கண்ணில் முதலில் படும்? வயதானவர்கள் கொமியூனிகேஷன் கடைக்குப் போவார்கள். ரீலோட் போடுகிற தம்பியே கணக்கும் திறந்து, பாஸ்வேர்டும் எழுதி, "ஓம்" என்பதையும் அழுத்திவிடுவான். அவனில் பிழையில்லை, உதவிதான் செய்கிறான். ஆனால் அது நோயாளியின் சம்மதம் ஆகாது. அப்புறம், வருத்தத்தோடு வரிசையில் நிற்கிறவரிடம் அந்த நேரத்தில் அனுமதி கேட்டால் எவர்தான் மாட்டேன் என்பார்?

அவுஸ்திரேலியா எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் 'மை ஹெல்த் ரெக்கோர்ட்' என்ற மின் மருத்துவப் பதிவு திறக்கப்பட்டது. விலகுவதற்கான காலம் 2019 ஜனவரி 31இல் முடிந்தபோது ஏறத்தாழ பத்தில் ஒருவர் விலகியிருந்தார். இருப்பவர்கள் தங்கள் பதிவுக்கு இரகசிய இலக்கம் போட்டுப் பூட்டலாம். அவசரத்தில் டொக்டர் பூட்டைத் தாண்டலாம், அதுவும் பதிவாகும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2018 நவம்பரில் அங்கே சட்டத்தில் செய்த திருத்தம்தான். அதன்படி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பொலிசுக்குப் பதிவுகளைக் கொடுக்க முடியாது. 'பதிவு' என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு இடிக்கிற ஊர் எங்களுடையது. போர் முடிந்தபின் எத்தனை தரம் வரிசையில் நின்று பெயரும் குடும்ப விபரமும் கொடுத்தோம்! இந்த ஒரு வேலி இல்லாமல் வேறு எந்த வசதியைக் காட்டியும் எங்கள் சனத்தின் நம்பிக்கையைப் பெற முடியாது.

எஸ்தோனியாவின் வழி எனக்கு மெதுவாகத்தான் பிடித்தது. 2008 முதல் அங்கே தேசிய அளவில் ஒரே சுகாதாரத் தகவல் முறை. சிகிச்சை தருகிற டொக்டர் ஒவ்வொரு தரமும் கேட்காமலே பார்க்கலாம். ஆனால் யார், எப்போது திறந்தார் என்பது பதிவாகிவிடும். நோயாளி அதை வாசிக்கலாம், விரும்பாத ஆவணங்களை மூடியும் வைக்கலாம். முதலில் இது எனக்குக் குறைந்த உரிமையாகவே தெரிந்தது. பிறகு எங்கள் ஊரில் தகவல் எப்படிக் கசிகிறது என்று யோசித்தேன். தூரத்துக் கணினித் திருடனைவிட, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டாரின் சொந்தக்காரரைத்தான் சனம் பயப்படுகிறது. கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டைக் கேட்டுப் பாருங்கள். பதிவைத் திறந்தவர் பட்டியலில் தன் பெயர் விழும், அதை நோயாளியான பெண் வாசிப்பாள் என்று தெரிந்தால் அந்தச் சொந்தக்காரரின் கை தயங்கும். தாளில் எழுதிய கொப்பியை நேர்ஸின் மேசையில் யார் புரட்டினார் என்று எவருக்கும் தெரியாது.

எஸ்தோனியாவில் ஆளுக்கு ஒரு மின் அடையாள அட்டை உண்டு, போன் இல்லாமலும் அதை வைத்து உள்ளே போகலாம். இங்கே கிளினிக் நாளில், நம்பர் எடுக்கும் இடத்திலேயே அந்தப் பெயர்ப் பட்டியலைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். எந்தப் பக்கத்தை மூட வேண்டும் என்பதை வீட்டாருக்கு முன்னால் கேட்காமல், மருத்துவிச்சி தனியாகக் கேட்கலாம். செல் பீஸ், ஒவ்வாமை, சிறுநீரக நோய் ஆகிய மூன்றையும் அவசரத்தில் எந்த டொக்டரும் பார்க்கும்படி திறந்தே விடலாம். இந்தியாவின் கோரிக்கை முறையை ஆராய்ச்சிக்காரருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்டுவிட்டுக் காத்திருப்பதால் எவரின் உயிரும் போகாது, மறுப்பதற்கு நோயாளிக்கும் நேரம் இருக்கும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. கொடுத்த சம்மதத்தை மீளப் பெறும் உரிமையும் அதில் உண்டு. அம்மாவிடம் மூன்று வழியையும் விளங்கப்படுத்தினேன். போன் வேண்டாம் என்றார். ஆர் பார்த்தது என்று எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வாராம். அந்தத் தாளையும் சொப்பிங் பைக்குள்தான் வைப்பாராம்.