எம்ஜிபி எஞ்சினில் 270 டிகிரி கேம்: பல கோடைகள் ஓட்டிய பிறகு

எஞ்சினைப் பிரித்து மேசைமேல் பரப்பியவுடன் எல்லாருக்கும் கை அரிக்கும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் மேடுள்ள தண்டான பழைய கேம்ஷாஃப்ட்டையே (சுருக்கமாகக் கேம்) எதற்குத் திரும்பப் போடுவது, கொஞ்சம் காரமாக ஒன்று போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கு யோசிக்க அதிக இடமில்லை. பழைய கேமின் இரண்டு மேடுகள் கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. எப்படியும் புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும், எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

கார் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து மெயின் பேரிங் கொண்ட 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், மூன்றாவது நான்காவது கியர்களில் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்). இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறேன். மழை இல்லாத வார இறுதிகளில் மலைப்பாதை, எப்போதாவது மோட்டார்வே, சில நாள் கடைத்தெரு. பந்தயம் கிடையாது. நான் போட்டது 'ஃபாஸ்ட் ரோடு' என்று விற்கிற 270 டிகிரி கேம்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். இது அந்நியமான எஞ்சின் இல்லை. அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதுவும் ஒரே பிஎம்சி பி சீரிஸ் குடும்பம். கேம் பிளாக்குக்குள்ளே, அதன்மேல் டேப்பட், புஷ்ராடு, மேலே ராக்கர்: கேமின் மேடு டேப்பட்டைத் தூக்க, அது புஷ்ராடைத் தள்ள, ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். பழைய அம்பாசடர் மெக்கானிக் ஒருவரை இந்த பானட் முன்னால் நிறுத்தினால் நேராக ஸ்பேனரைக் கேட்பார்.

சரி, டிகிரிக் கணக்குக்கு வருவோம். டிகிரி என்பது கிராங்க் சுழலும் கோணம், இன்லெட் என்பது பெட்ரோல் கலவை உள்ளே வரும் பக்கம். அந்தக் கால எம்ஜிபியின் கம்பெனி கேமில் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போதே திறக்கும். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கி 56 டிகிரி கழித்து மூடும். 16, 180, 56 மூன்றையும் கூட்டினால் 252. கேட்லாக்கில் 270, 285, 300 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள் எல்லாம் இந்த வகைக் கணக்குதான். வால்வு திறந்திருக்கும் நேரம் நீள நீள, வேகச் சுழற்சியில் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும், மெதுவான சுழற்சியில் திணறும். இது எல்லா எஞ்சினுக்கும் பொது.

பி சீரிஸில் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. கேட்லாக்கை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நான்கு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டுதான்: ஒன்றுக்கும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று, மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவாக ஒன்று. ஃபயரிங் வரிசையோ 1-3-4-2. அதாவது இரண்டாவது சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் முன்பே, அதே வழியில் ஒன்றாவது உறிஞ்சத் தொடங்கிவிடும். மூன்றும் நான்கும் அப்படியே. ஒரே குழாயில் இரண்டு குடம் பிடிக்கிற கதை. இரண்டு வால்வும் சேர்ந்தாற்போல் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கண்டுபிடிப்பது சுலபம், கேமின் டிகிரியில் 180ஐக் கழித்தால் போதும். கம்பெனி கேமில் 72, 270இல் 90, 285இல் 105. மெதுவான சுழற்சியில், முடிக்கப் போகும் சிலிண்டரின் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டே கலவையைத் திருப்பித் தள்ளும். பக்கத்துச் சிலிண்டர் அதை இழுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு வழி உள்ள எஞ்சின்களில் 285 சாதுவாகவே நடந்துகொள்ளலாம், இதில் அதை எதிர்பார்க்க முடியாது. நான் 270ஓடு நின்றதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் டாக்கோமீட்டர், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். நான்காவது கியரில் ஓவர்டிரைவ் போட்டு மணிக்கு 70 மைலில் போனால் முள் 3100 பக்கம் நிற்கும். மலைப்பாதையில் மூன்றாவது கியரில் பெரும்பாலும் 3000க்கும் 4500க்கும் நடுவே. 5500ஐத் தாண்டுவது ஆசைக்கு எப்போதாவதுதான். 6500இல் குதிரைசக்தி காட்டும் கேம் எனக்கு எதற்கு?

பணம் குறைவாக இருந்தால் முதலில் சிலிண்டர் ஹெட்டுக்குச் செலவழியுங்கள், பிறகு கேம். ஹெட்டில் வழிகளைச் சீராக்கி, வால்வு சீட்டைச் சரியாக வெட்டி, ஈயமில்லா பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் பதித்துவிட்டால் கம்பெனி கேமிலேயே வித்தியாசம் தெரியும். ஹெட்டை அப்படியே வைத்துக்கொண்டு கேமை மட்டும் மாற்றியவர்கள் சத்தத்தைத்தான் அதிகம் ரசிக்கிறார்கள்.

டேப்பட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. புதுக் கேமுக்குப் புது டேப்பட், இதில் பேரமே இல்லை. டேப்பட்டின் அடிமுகம் பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் மிக லேசாகக் குவிந்திருக்கும், கேமின் மேடும் துளி சரிவாக இருக்கும். அதனால்தான் ஓடும்போது டேப்பட் சுழன்றுகொண்டே இருக்கிறது, தேய்மானம் ஒரே இடத்தில் விழுவதில்லை. பழைய டேப்பட்டின் முகம் பழைய கேமோடு பழகியது, புதுக் கேமில் அது சுழலாமல் நின்று அரைக்கும். நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்த டேப்பட் செட்டைப் போட்டார். இரும்பு போதிய கடினம் இல்லை. ஒரு சீசனுக்குள் அடிமுகம் குழிந்து, கேமையும் கூடவே தின்றுவிட்டது. கடைக்காரர் ஆயிலைக் குறை சொன்னதோடு சரி. எம்ஜிபியின் பிந்தைய 18வி எஞ்சின்களில் டேப்பட் குட்டை, புஷ்ராடு நீளம். இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது டைமிங். புள்ளிக்குப் புள்ளி சேர்த்து செயினை மாட்டினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டிகிரித் தட்டை கிராங்க் முனையில் பூட்டி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியைச் சரியாகக் கண்டுபிடித்து, இன்லெட் புஷ்ராடின் தலையில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்தேன். மேடு உச்சிக்கு வரும்போது முள் சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும், அங்கே படித்தால் ஏமாற்றும். உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உயரத்தில் டிகிரியைக் குறித்துக்கொண்டு நடுவைக் கணக்கிட வேண்டும். கம்பெனி கேமுக்கு அந்த நடு, பிஸ்டன் உச்சியைத் தாண்டி 110 டிகிரி என்று மேலே சொன்ன எண்களிலிருந்தே வரும்: 252இல் பாதி 126, அதில் 16 போனால் 110. புதுக் கேமுக்கு வேறு எண், கூட வரும் தாளில் இருக்கும். எனக்கு அதைவிட நான்கு டிகிரி தாமதமாகக் காட்டியது. செயின், சக்கரம், சாவிப் பள்ளம் எல்லாவற்றின் சிறு பிசகும் கூடிய கணக்கு அது. சக்கரத்தைக் கேமோடு பூட்டும் அரைநிலாச் சாவிக்குப் பதில், சக்கரத்தைச் சில டிகிரி நகர்த்திப் பூட்டும் விலகல் சாவி ஒன்றைப் போட்டுத் திரும்ப அளந்தேன், சரியாக வந்தது. நான்கு டிகிரி தாமதத்தோடு விட்டிருந்தால் அடிமட்ட இழுவை இன்னும் குறைந்திருக்கும், பழி கேம் மேல் விழுந்திருக்கும்.

முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கே கூடாது. மேடுகளில் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு) தடவி, ஸ்டார்ட் ஆனவுடன் 2000க்கு மேல் ஏற்றி, இருபது நிமிடம் ஏற்றி இறக்கியபடி ஓட்ட வேண்டும். கிராங்க் சிதறடிக்கும் ஆயில்தான் கேம் மேடுகளுக்குத் தீனி. மெதுவாகச் சுற்றினால் அது போதாது. ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகம், பாஸ்பரஸ் போதுமான அளவு உள்ள கிளாசிக் வகை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக இன்றைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

ஓட்டத்துக்கு வருகிறேன். ஐட்லிங் 900இல் லேசான ஒரு ஆட்டத்தோடு நிற்கும், சிக்னலில் அணைந்து மானத்தை வாங்கியதில்லை. 2000க்குக் கீழே இழுவை முன்னைவிடக் கொஞ்சம் கம்மி. கடைத்தெருவில் மூன்றாவதில் உருட்டிக்கொண்டு போன இடத்தில் இப்போது இரண்டாவது கேட்கிறது. 3000 தாண்டியதும் கார் வேறு. ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகும் ஸ்னேக் பாஸ் ஏற்றத்தில், முன்பு 4500க்குமேல் சோர்ந்துவிடும் எஞ்சின் இப்போது 5300 வரை விடாமல் இழுக்கிறது. பெட்ரோல் செலவில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

இந்தப் பலனில் பாதி ரோலிங் ரோட்டில், அதாவது காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டி எஞ்சினைச் சரிசெய்யும் பட்டறை மேடையில் வந்தது. கார்புரேட்டர் ஊசியை மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸை (தீப்பொறி எவ்வளவு முந்தி விழ வேண்டும் என்பதை) திருத்தும் வரை நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, 2500 பக்கம் மிதித்தால் இருமும். கேம் வாங்கும்போதே இந்தச் செலவையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

டிராக் டே போகிறவர்கள் 285 போடட்டும், அவர்கள் கணக்கு வேறு. 1974க்குப் பிறகு வந்த ரப்பர் பம்பர் கார் வைத்திருப்பவர்கள் வெறும் பழைய குரோம் பம்பர் காலக் கேமைப் போட்டாலே மகிழ்வார்கள் என்பது என் எண்ணம். ஒவ்வொரு குளிர்காலமும் ராக்கர் மூடியைக் கழற்றி டேப்பட் இடைவெளி பார்க்கும்போது வால்வுகளின் உயர்வையும் டயல் கேஜால் அளந்து நோட்டில் குறிக்கிறேன். எட்டும் இதுவரை அப்படியே இருக்கின்றன. எந்த மேடாவது இறங்கத் தொடங்கினால் முதலில் நோட்டில் தெரிந்துவிடும், பக்கவாட்டு மூடிகளைத் திறந்து அந்த டேப்பட்டை வெளியே எடுத்துப் பார்க்கலாம்.