ஸ்டான்எட்ஜ் சுரங்கப் படகுப் பயணம்: நேரம் வைத்துக்கொண்டு போங்கள்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் போகிறவர்கள் மார்ஸ்டனில் இறங்கி, ஸ்டான்எட்ஜ் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் படகில் போய் வராமல் திரும்பாதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து கால்வாய்க் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் சுரங்க வாய் வந்துவிடும். வெளியே பார்க்க அது வெறும் இருட்டுப் பொந்து மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பென்னைன் மலையை 5 கிலோமீட்டருக்கு மேல் குடைந்துகொண்டு மறுபக்கம் டிக்ள் என்ற ஊரில் போய் முடிகிறது. பிரிட்டனில் இதைவிட நீளமான கால்வாய்ச் சுரங்கம் இல்லை, ஆழமானதும் இல்லை.

நான் போனது உள்ளே கொஞ்ச தூரம் போய்த் திரும்பும் சின்னப் பயணம். முதலில் செங்கல் வளைவு, ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் திடீரென்று செங்கல் நின்று, வெடிமருந்து வைத்துப் பிளந்த பாறை அப்படியே தலைக்கு மேல் வருகிறது. பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. 1794இல் தொடங்கிய வேலை 1811இல்தான் முடிந்தது. இரண்டு பக்கமிருந்தும் தோண்டி வந்தவர்களின் மட்டம் ஒத்துப்போகவில்லை, பொறியாளர் பெஞ்சமின் அவுட்ராம் நடுவிலேயே விலகிவிட்டார், கடைசியில் 1807இல் இன்னொரு பொறியாளரான தாமஸ் டெல்ஃபோர்டைக் கூப்பிட்டுத் திட்டம் போட்டு வாங்கித்தான் முடித்திருக்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் நடைபாதை கிடையாது. அந்தக் காலத்தில் கரையில் நடந்து படகை இழுத்து வரும் குதிரையை இங்கே மலைமேல் ஓட்டிப் போய்விடுவார்கள், படகை ஆட்கள்தான் நகர்த்த வேண்டும். படகின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, சுவரில் காலை ஊன்றி, இருட்டில் நடப்பது போல உதைத்துக்கொண்டே போக வேண்டும். சரக்கு ஏற்றிய படகென்றால் மூன்று மணி நேரம் ஆகுமாம். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கரடுமுரடான சுவரைப் பார்த்தபோது எனக்கே முழங்கால் வலித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மறுசீரமைப்பு வேலைதான். 1944இல் கால்வாயை அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள், பாறை சரிந்து சுரங்கம் அடைத்துக்கொண்டது. மறுபடி திறக்க வேண்டும் என்று 1974இல் ஆர்வலர்கள் சங்கம் அமைத்துக் கிளம்பினார்கள், 2001 மே மாதம் படகு உள்ளே போனது. 27 வருஷம் விடாமல் நின்றிருக்கிறார்கள்! சுரங்கத்துக்கு மட்டும் சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு. நல்ல விஷயம் என்னவென்றால், எல்லாவற்றையும் பூசி மெழுகிப் புதுசாக்கிவிடவில்லை. தளர்ந்த பாறையில் முடிந்தவரை போல்ட் அடித்து இறுக்கியிருக்கிறார்கள், அது சரிப்படாத இடத்தில் மட்டும் கான்கிரீட். அதனால் எது பழசு, எது புதுசு என்று நம் கண்ணுக்கே தெரிகிறது.

பக்கத்திலேயே ரயில் சுரங்கங்களும் இருக்கின்றன, முதலாவது 1848இல் வந்தது. அதைத் தோண்டிய மண்ணையும் கல்லையும் இந்தக் கால்வாய் வழியாகவே படகில் வெளியேற்றியிருக்கிறார்கள், இரண்டு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்கு வழிகள் இன்னும் இருக்கின்றன.

வெயில் காலத்தில் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நல்ல குளிர். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் யோசித்து ஏறுங்கள். சில நாட்களில் டிக்ள் வரை முழு நீளமும் போகும் பயணம் உண்டு, அது கிடைத்தால் அதற்கே டிக்கெட் எடுங்கள். அடுத்த முறை நானும் அதில்தான் போவேன்.